கவனமாக இரு என்று சொன்னால் போதாது

குமரி மாவட்டத்து எல்லை ஊரான நீரோடியில் இருந்து கேரளத்து விழிஞ்ஞத்துக்கு பைக்கில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 2024 டிசம்பரில் அங்கே கன்டெய்னர் துறைமுகம் வணிக ரீதியாக ஓடத் தொடங்கியது, 2025 மே 2ஆம் தேதி முறையான திறப்பு விழா நடந்தது. அதன் பிறகு எங்கள் குமரி மேற்குக் கடற்கரையில் பேச்சே மாறிவிட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்துப் பையன்கள் முன்பெல்லாம் ஆழ்கடல் சுறாத் தொழிலைப் பற்றிப் பேசுவார்கள், இல்லையென்றால் கல்ஃப் விசாவைப் பற்றிப் பேசுவார்கள். இப்போது கிரேன், லாஷிங் (கப்பலில் கன்டெய்னர் பெட்டிகளைக் கட்டுகிற வேலை), ஜிபி ரேட்டிங் (கப்பலில் தொடக்கநிலை வேலைக்கான பயிற்சி) என்று பேசுகிறார்கள். எங்கள் மாவட்டத்து மலைக்கல்லும் அந்தத் துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவருக்குப் போனது. அதில் எங்களுக்கு இருக்கும் வருத்தம் தனிக்கதை. வேலை வருகிறது என்றால் பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள், போகட்டும். அந்த வேலையில் ஆள் எப்படி அடிபடுகிறான் என்பதையும் யாராவது அவர்களிடம் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

நான் கன்டெய்னர் கப்பல்களில் ஏபியாகவும் (தளத்து வேலை செய்யும் தேர்ந்த மாலுமி), பிறகு போசனாகவும் (தளத்து மாலுமிகளுக்குத் தலைவர்) இருந்தவன். என் அக்கா மகன் சமீபத்தில் ஒரு துறைமுகத்தில் லாஷிங் வேலைக்குச் சேர்ந்தான். விழிஞ்ஞம் இல்லை, வேறொரு இடம். ஒப்பந்தக்காரர் மூலம் கிடைத்த வேலை. சேர்ந்த அன்றே எனக்கு போன் பண்ணினான்.

“மாமா, ஹெல்மெட்டு, ஷூ, கிளவுஸ் எல்லாம் குடுத்தாச்சு. கிளாஸும் முடிஞ்சு. நாளைக்கு ராத்திரி ஷிப்டு, நேரா கப்பல்லதான்.”

“கிளாஸ்ல என்ன சொன்னாவ மக்கா?”

“கவனமா இருக்கணும்னு சொன்னாவ.”

கவனம் வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் எத்தனை கவனமான ஆட்கள் அடிபட்டிருக்கிறார்கள் என்பதைக் கப்பலில் இருந்தவர்கள் அறிவார்கள். நிற்க எவ்வளவு இடம் இருக்கிறது, வெளிச்சம் எவ்வளவு, வேலையை முடிக்க எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள், தலைக்கு மேலே என்ன நடக்கிறது, ‘நிறுத்து’ என்று சொன்னால் கிரேன் நிற்குமா. லாஷிங் போகிறவனின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. இதில் எதுவும் அவன் கையில் இல்லை. கப்பலைக் கட்டினவர், ஓட்டுகிறவர், துறைமுகத்தை நடத்துகிறவர் கையில் இருக்கிறது. அவனிடம் கவனத்தை மட்டும் கேட்பது, பொறுப்பு முழுவதையும் அவன் தலையில் ஏற்றிவிடுவதுதான்.

வெளியே இருப்பவர்களுக்காக வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கப்பலின் மேல்தளத்தில், சரக்கறையின் மூடியான ஹாட்ச் கவருக்கு மேலே, பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஒரு பெட்டிக்கும் அதன் மேல் உட்காரும் பெட்டிக்கும் நடுவே நான்கு மூலையிலும் ட்விஸ்ட்லாக் என்கிற இரும்புப் பூட்டு இருக்கும். கீழ் அடுக்குகளுக்கு அது மட்டும் போதாது. பெட்டியின் மூலைத் துளையில் நீளமான கம்பியை மாட்டி, அதன் அடிமுனையை டர்ன்பக்கிள் என்கிற திருகு முறுக்கியில் கோத்து, பெருக்கல் குறி மாதிரிக் குறுக்காக இழுத்து முறுக்க வேண்டும். கப்பல் உருளும்போது அடுக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கட்டுத்தான். துறைமுகம் வந்ததும் அவிழ்க்க வேண்டும், புதுப் பெட்டி ஏறியதும் திரும்பக் கட்ட வேண்டும். கிரேனை இன்று அறைக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்து இயக்குகிறார்கள். யார்டில் ஆளே இல்லாமல் பெட்டி நகர்கிறது. கம்பியை மாட்டுவதும் அவிழ்ப்பதும் மட்டும் இன்றைக்கும் மனிதக் கைதான்.

அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நீளமானது நாலு மீட்டருக்கு மேல் இருக்கும், பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அதை அடியில் பிடித்து நிமிர்த்தி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே, தலைக்கு எவ்வளவோ மேலே இருக்கிற சின்னத் துளையில் அதன் குமிழை நுழைத்துத் திருப்ப வேண்டும். நுனி ஆடும். காற்று அடித்தால் இன்னும் ஆடும். மழை என்றால் கையுறை வழுக்கும், துருவும் கிரீஸும் கலந்த தண்ணீர் கம்பி வழியாக இறங்கி சட்டைக் கைக்குள் ஓடும். குமிழ் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துப் பிடியைத் தளர்த்தினால், அது உட்காராமல் இருந்தால், கம்பி முழுசாகத் திரும்பி விழும். அதனால் ஒருவர் கம்பி நுழைக்கும்போது கூட்டாளி அதன் விழும் திசையில் நிற்கக் கூடாது. டர்ன்பக்கிளில் கோத்து முடிக்கும்வரை கம்பியில் இருந்து கையை எடுக்கவே கூடாது. முறுக்குவதற்கு பலம் போதவில்லை என்று ஸ்பேனரில் நீளமான பைப்பைச் சொருகி முறுக்குகிறவர்கள் உண்டு. அதுவும் கூடாது. ஏற்கெனவே எல்லை வரை இறுகிய கம்பி, கப்பல் உருளும்போது வருகிற இழுவையைத் தாங்காது.

பூட்டிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கையால் பூட்டுகிற பழைய ட்விஸ்ட்லாக்கில், கைப்பிடி இடப்பக்கம் போனால் பூட்டுகிற வகை உண்டு, வலப்பக்கம் போனால் பூட்டுகிற வகையும் உண்டு. இரண்டும் ஒரே கப்பலில் கலக்கவே கூடாது. கலந்தால் என்ன ஆகும்? ராத்திரியில் டார்ச் அடித்து ஒரு வரிசையைப் பார்க்கிறான் பையன். எல்லாக் கைப்பிடியும் ஒரே பக்கம் இருக்கிறது, திறந்தாச்சு என்று கிரேனுக்குச் சொல்கிறான். அதில் ஒன்று மாற்று வகை, பூட்டியே இருக்கிறது. கிரேன் மேல்பெட்டியைத் தூக்கும்போது கீழ்ப்பெட்டியும் ஒரு மூலையில் தொங்கிக்கொண்டு கூடவே எழும்புகிறது. ஒரு முழு நாற்பதடிப் பெட்டி முப்பது டன் வரை இருக்கும். இதில் அந்தப் பையனின் கவனத்துக்கு என்ன குறை? அவன் ஒவ்வொரு கைப்பிடியையும் பார்த்தான். பூட்டு வாங்கினவரும், இரண்டு வகையையும் கலந்து போட்டவரும்தான் பதில் சொல்ல வேண்டும். மருமகனிடம் நான் முதலில் பார்க்கச் சொன்னது இதைத்தான்.

அப்புறம் வந்தது செமி ஆட்டோமேட்டிக் பூட்டு. கரையிலேயே பெட்டியின் அடியில் மாட்டி விடுவார்கள். கப்பலில் பெட்டி உட்கார்ந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும். அவிழ்க்க, தளத்தில் நின்றபடியே நீளக் கழியால் அதன் கம்பியை இழுத்தால் போதும். இதனால் பெட்டியின் உச்சியில் ஆள் ஏறி நிற்க வேண்டிய தேவை பெருமளவு போனது. உண்மையிலேயே உயிர் காத்த மாற்றம் இது. ஆனால் பெட்டி இறங்கும்போது பூட்டும் அதன் அடியிலேயே ஒட்டிக்கொண்டு கரைக்குப் போகும். சரியாகக் கவ்வாத பூட்டு வழியில் கழன்று விழும்.

விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வெளிநாட்டுத் துறைமுகம், இரவு வேலை. ஏழாவது அடுக்குப் பெட்டியை கிரேன் தூக்கியது. அடிமூலையில் இருந்த பூட்டு ஒன்று பிரிந்து நேராக ஹாட்ச் கவரில் வந்து அடித்தது. இரண்டு பே (கப்பலின் குறுக்கே போகும் பெட்டி வரிசை) தள்ளி நின்ற எங்களுக்கு அந்தச் சத்தம் பற்களில் கேட்டது. இரும்புத் தளத்தில் குழி விழுந்திருந்தது. அந்த இடத்தில் ஒருவரும் இல்லை. கிரேன் ஓடுகிற பேயிலும் அதை ஒட்டிய பேயிலும் ஆள் இறங்கவே கூடாது என்று எங்கள் சீஃப் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) பிடிவாதமாக இருந்தார். துறைமுகத்து ஃபோர்மேன் நேரம் போகிறது என்று எவ்வளவோ சண்டை போட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் விட்டுக்கொடுத்திருந்தால் அங்கே இரண்டு லாஷர்கள் நின்றிருப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டியின் உயரம் எட்டரை அடி, அதாவது சுமார் 2.6 மீட்டர். ஆறு அடுக்குக்கு மேலே இருந்து விழுந்தால் 15 மீட்டர். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு அறுபது கிலோமீட்டரைத் தாண்டும். பூட்டின் எடை ஆறு கிலோ என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலைத் தலைக்கவசத்துக்கான ஐரோப்பியத் தரச் சோதனையில் 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்தில் இருந்து போட்டுப் பார்க்கிறார்கள். இந்தப் பூட்டு வருவது அதைப்போல பதினெட்டு மடங்கு ஆற்றலோடு. ஹெல்மெட் தலையை இடித்துக்கொள்வதில் இருந்து காக்கும், சின்னச் சாமான் விழுந்தால் காக்கும். கட்டாயம் போட வேண்டும். ஆனால் பூட்டு விழுகிற இடத்தில் ஆளை நிறுத்திவிட்டு, ஹெல்மெட் கொடுத்தோமே என்று ஒரு நிர்வாகம் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இடத்துக்கு வருகிறேன். பழைய கப்பல்களில், கம்பி முறுக்க ஆள் நிற்கும் இடத்தைப் பார்த்தால் அழுகை வரும். பெட்டி அடுக்கி முடித்த பிறகு மிச்சம் கிடக்கிற இடுக்குதான் அவனுடைய இடம். பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடியும். ஓரத்து வரிசை என்றால் ஒருபுறம் பெட்டி, மறுபுறம் கடல் அல்லது கரையின் கான்கிரீட். காலடியில் போட்டது போட்டபடி கம்பிகளும் டர்ன்பக்கிள்களும் கிடக்கும். ஹாட்ச் கவரின் விளிம்பில் தடுப்பு இருக்காது. கப்பலை வரைந்தவருக்கு எத்தனை பெட்டி ஏறும் என்ற கணக்கு இருந்தது, அதைக் கட்டப் போகிற ஆளின் தோள் அகலம் கணக்கில் இல்லை.

இதைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 2010இல், சரக்கைக் கட்டுவதற்கான அதன் நெறித்தொகுப்பில் 14ஆவது இணைப்பு சேர்ந்தது. லாஷிங் செய்யும் இடம் 1 மீட்டர் அகலம் இருப்பது நல்லது, 750 மில்லிமீட்டருக்குக் குறையவே கூடாது என்கிறது அது. விழும் அபாயம் உள்ள விளிம்பில் 1 மீட்டர் உயரத்துக்குத் தடுப்பு வேண்டும். நடக்கும் வழியில் 10 லக்ஸ், வேலை நடக்கும் இடத்தில் 50 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். 2015 ஜனவரி 1 முதல் அடித்தளம் இட்ட கப்பல்களுக்கு இந்த அளவுகள் முழுசாகப் பொருந்தும். அதற்கு முந்திய கப்பல்களுக்கு, முடிந்த அளவு செய்யுங்கள் என்கிற மாதிரிதான். கப்பலின் ஆயுள் இருபத்தைந்து, முப்பது வருடம். அப்படியென்றால் பழைய இடுக்குகளில் நம் பிள்ளைகள் இன்னும் பல வருடம் இறங்கத்தான் போகிறார்கள். எந்தக் கப்பலில் இறங்குகிறோம், அது எப்போது கட்டியது என்பது லாஷருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கேங்கின் (வேலைக்குழுவின்) ஃபோர்மேனிடம் கேட்கலாம், கேளுங்கள்.

அடுத்தது நேரம். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம். பெரிய கிரேன் மணிக்கு இருபத்தைந்து, முப்பது பெட்டி தூக்கும். அது காத்திருக்கக் கூடாது என்றால் லாஷர் ஓட வேண்டும். பக்கத்துத் துறைமுகங்களுக்குப் பெட்டி கொண்டுபோகும் சில சிறிய ஃபீடர் கப்பல்களில் இன்னும் மோசம். துறைமுகத்துக்குள் நுழைவதற்கு முன்பே, கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவிழ்க்கச் சொல்வார்கள். அலையில் கப்பல் உருளுகிறது, கட்டு அவிழ்ந்த பெட்டிகளுக்கு நடுவே ஆள் நிற்கிறான். இதைச் செய்யச் சொன்னவர் அந்த நேரத்தில் மேலே கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் இருப்பார், அல்லது எங்கோ ஓர் அலுவலகத்தில் ஏசியில் இருப்பார்.

கப்பல் ஊழியர்களின் ஓய்வு நேரத்துக்குச் சட்டம் உண்டு. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2006இன்படி எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேர ஓய்வு. துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறும்போது கயிறு கட்ட நின்றவனையே, கப்பல் கட்டியதும் லாஷிங் அவிழ்க்க அனுப்பினால் அந்தப் பத்து மணி நேரம் எங்கே வரும்? தாளில் வரும். இதனால்தான் லாஷிங் வேலை துறைமுகத் தொழிலாளருடையது, அவர்கள் இருக்கும் இடத்தில் கப்பல் ஊழியர்களைச் செய்யச் சொல்லக் கூடாது என்று சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் பல வருடம் போராடியது. 2020 ஜனவரி 1 முதல் அந்த விதி சம்மேளனத்தின் கூட்டு ஒப்பந்தங்களில் வலுவான வடிவத்தில் வந்தது. ஜிபி ரேட்டிங் முடித்துக் கப்பல் ஏறப்போகும் பிள்ளைகள் தங்கள் ஒப்பந்தத்தில் இந்த விதி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

இதையெல்லாம் ஊரில் பேசினால் பெரியவர்கள் சிலர் சொல்வது: “நம்ம பயலுவ கடல்லயும் பனையிலயும் பழகினவனுவ, அவனுவளுக்கு என்ன பயம்?” கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பனையேறியை நினைத்துப் பாருங்கள். எந்த மரத்தில் ஏறுவது என்று அவர் முடிவு பண்ணுகிறார். காலில் மாட்டும் தளைநாரை அவரே பார்த்துக்கொள்கிறார். மழை பெய்து மரம் வழுக்கினால் காத்திருப்பார். அவர் ஏறி நிற்கும்போது யாரும் மேலே இருந்து இரும்பைப் போடுவதில்லை, கீழே நின்று கடிகாரத்தைக் காட்டுவதில்லை. லாஷருக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. நம் பிள்ளைகளின் துணிச்சலை நம்பித்தான் ஒப்பந்தக்காரர்கள் இந்தப் பக்கம் ஆள் எடுக்க வருகிறார்கள் என்றால், அந்தத் துணிச்சலைப் புகழ்ந்து பேசுவதை நாமே நிறுத்த வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும் ஒரு பெரிய கேள்வி. இது எங்கள் ஊருக்கு 2025இல்தான் நேரடியாகப் புரிந்தது. மே 24ஆம் தேதி, விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் போன எம்எஸ்சி எல்சா 3 கப்பல் சாய்ந்தது, மறுநாள் மூழ்கியது. அதில் 640 கன்டெய்னர்கள். அவற்றில் ஆபத்தான சரக்கும் இருந்தது, 12 பெட்டிகளில் கால்சியம் கார்பைடு இருந்தது. கார்பைடில் தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வரும், தீப்பிடிக்கும். 24 ஊழியர்களும் காப்பாற்றப்பட்டார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையோடு நிற்காமல் குமரிக் கரைக்கும் வந்து ஒதுங்கின. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 9 அன்று, கேரளக் கரைக்கு அப்பால் கடலில் வான் ஹாய் 503 கப்பலில் வெடிப்பும் தீயும். 22 பேரில் 18 பேர் மீட்கப்பட்டார்கள், நான்கு பேர் காணாமல் போனார்கள். மீன் விற்குமா, மணல் சுத்தமாகுமா என்று ஊர் பேசியது. நியாயமான கவலைதான். எனக்கு அந்த நான்கு பேரின் நினைப்பாகவே இருந்தது.

பெட்டியின் உண்மையான எடையைச் சரிபார்த்துச் சொன்னால்தான் கப்பலில் ஏற்றலாம் என்பதே 2016 ஜூலை 1 முதல்தான் உலக விதி. அதற்கு முன்னால் அனுப்புகிறவர் எழுதிக் கொடுத்ததுதான் எடை. கனமான பெட்டி மேலே, லேசான பெட்டி கீழே என்று ஆகிவிட்டால் அடுக்கே சரியும். எடைக்கு விதி வந்தது, உள்ளே இருக்கும் பொருளைப் பற்றிப் பொய் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். லாஷர் செய்யக்கூடியது ஒன்றுதான். சாய்சதுர அபாயச் சீட்டு ஒட்டிய பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது என்று வேலைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது. கசிவோ, வாசனையோ, சூடோ தெரிந்தால் கிட்டே போய்ப் பார்க்காமல் விலகி வந்து சொல்வது. ஹோல்டுக்குள் (கப்பலின் சரக்கறை) ஒருவர் மயங்கிக் கிடந்தால், காற்றைச் சோதிக்காமல் காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். கூடப் பிறந்தவனாக இருந்தாலும் இறங்கக் கூடாது, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். சொல்லக் கஷ்டமான பேச்சு, ஆனால் பிள்ளைகளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம் நாட்டில் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புக்கென்று 1986இல் தனிச் சட்டம் வந்தது, 1990இல் அதற்கான விதிகள். 2020இன் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதையும் தனக்குள் எடுத்துக்கொண்டது. காகிதத்தில் குறை அதிகம் இல்லை. ஆபத்து என்று தெரிந்தால் நிறுத்தலாம் என்று எல்லாக் கையேட்டிலும் எழுதியிருக்கிறது. ஒப்பந்தத்தில் இருக்கும் பையன் ஒருநாள் நிறுத்தினால் மறுநாள் அவனைக் கூப்பிடுவார்களா என்பதுதான் கேள்வி. தனியாளாக அவனால் முடியாது. முழு கேங்கும் சேர்ந்து நின்றால் முடியும். அதனால் சேர்ந்த உடனே தொழிற்சங்கத்தில் சேரச் சொல்கிறேன்.

மருமகனிடம் கேட்கச் சொன்னவை இவைதான். கிரேன் ஆபரேட்டரோடு பேச கேங்கில் யாரிடம் வாக்கிடாக்கி இருக்கிறது? கிரேன் ஓடும் பேயில் ஆள் இறங்குவார்களா? பெட்டிமேல் ஏற வேண்டி வந்தால் கூண்டு உண்டா, பெல்ட்டை எதில் மாட்டுவது? மழையும் காற்றும் எந்த அளவுக்கு வந்தால் வேலை நிற்கும், அதை யார் சொல்வது? அவன் கேட்டான். முதல் கேள்விக்கும் மூன்றாவதுக்கும் ஒழுங்கான பதில் கிடைத்தது. மற்றவற்றுக்கு, “புதுசா வந்தவன் நிறைய கேக்குதியே” என்று ஒரு சிரிப்பு. மறுபடியும் கேள் என்றேன்.

எங்கள் கடற்கரையில் பங்குகள் (கத்தோலிக்க ஆலயச் சமூகங்கள்) வலுவானவை. ஓகி புயலில் காணாமல் போனவர்களின் கணக்கை வீடு வீடாக எடுத்தவர்கள் பங்குக்காரர்கள்தான். ஞாயிறு பூசை முடிந்து ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஓய்வுபெற்ற போசன்களும் ஏபிகளும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், வந்து பேசுவார்கள். ஒரு பழைய டர்ன்பக்கிளையும் இரண்டு வகைப் பூட்டையும் மேசைமேல் வைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்குப் புரியும். வீட்டாரும் வர வேண்டும். வேலைக்குப் போகிறவனின் நியமனத் தாள், ஒப்பந்தக்காரரின் பெயரும் விலாசமும், கேட் பாஸ், இஎஸ்ஐ அல்லது காப்பீட்டு எண், இவற்றின் நகல் வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ இருக்க வேண்டும். கப்பலுக்குப் போகிறவன் என்றால் ஏஜென்ட்டுக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆள்சேர்ப்பு உரிமம் இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணையும் எழுதி வையுங்கள். அடிபட்ட பிறகு, இவன் எங்கள் ஆளே இல்லை என்று சொல்கிற இடத்தில் முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான்.